மரத்தேரைப் பேரினத்தில் ஒரே ஓர் இனம்தானா? மற்றவை எங்கே போயின?

நீங்கள் கேட்டது இது: பழைய கையேடு ஒன்றில் பெடோஸ்டிபெஸ் என்ற மரத்தேரைப் பேரினத்தின் (நெருங்கிய சொந்தமான இனங்களைச் சேர்த்து வைக்கும் தொகுதி) கீழ் ஐந்தாறு இனங்கள் இருந்தன. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஒன்று, மேகாலயத்தில் ஒன்று, மற்றவை மலேசியாவிலும் போர்னியோவிலும். இப்போது எந்தப் பட்டியலைத் திறந்தாலும் நம் மலையில் வாழும் பெடோஸ்டிபெஸ் டியூபர்குலோசஸ் ஒன்றுதான் அங்கே நிற்கிறது. மற்றவை அழிந்துவிட்டனவா, முன்னோர் தப்பாக எழுதிவிட்டார்களா, இல்லை ஆய்வாளர்களுக்குப் பெயர் மாற்றுவதே பொழுதுபோக்கா என்பது உங்கள் சந்தேகம். ஒன்றும் அழியவில்லை. போர்னியோத் தேரைகள் அந்தந்தக் காட்டில் அப்படியேதான் இருக்கின்றன, பெயர்ப்பலகைதான் மாறியிருக்கிறது. ஆனால் உங்கள் கேள்விக்கு அடியில் இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது. இரண்டு பிராணிகள் ஒரே மாதிரி உடம்போடு ஒரே மாதிரி மரமேறினால், அவை சொந்தக்காரர்கள் என்று சொல்லிவிடலாமா? இந்தப் பெயர்க் குழப்பம் முழுக்க அதில்தான் தொடங்குகிறது.

முதலில் என்னைப் பற்றி ஒரு வரி. நான் மேற்குத் தொடர்ச்சி மலையில் மழைக்காலம் தோறும் இருவாழ்விகளைத் தேடி அலைகிறவன். டி.என்.ஏ. ஆய்வகம் என் இடம் அல்ல. மற்றவர்கள் போட்ட உறவு மரங்களை வாசிக்கிறேன், அவற்றைக் காட்டில் பார்த்ததோடு ஒப்பிடுகிறேன், அவ்வளவுதான். ஆகவே கணக்கீட்டு முறைகளின் நுணுக்கத்துக்குள் நான் போகப்போவதில்லை.

இந்தத் தேரையை ஒருமுறையாவது கிட்டத்தில் பார்த்திருந்தால் பாதி விஷயம் விளங்கிவிடும். ஜூன் மாதம், பருவமழை இறங்கி நாலைந்து நாள் ஆன இரவு. ஓடைக்கரைப் புதரிலிருந்து, சில்வண்டு என்று நினைத்துக் கடந்துபோய்விடக்கூடிய ஒரு கீச்சுக் குரல் இழுத்து இழுத்து வருகிறது. டார்ச்சை மெல்லத் திருப்பினால், இடுப்பு உயரத்தில் ஓர் இலைமேல் பழுப்பு நிறத்தில் ஒன்று உட்கார்ந்திருக்கும். நாலு சென்டிமீட்டர் இருந்தாலே அதிகம். கண்ணுக்குப் பின்னால் நச்சுச் சுரப்பி புடைத்திருக்கிறது. அங்கிருந்து விலா வழியாகக் கொப்புளங்கள் வரிசை கட்டிப் போகின்றன, அவற்றை ஒட்டி வெளிறிய பட்டை ஒன்று. தோல் முழுக்கச் சொரசொரப்பு. இதுவரை எல்லாம் தேரைதான். ஆனால் விரலைப் பாருங்கள். ஒவ்வொரு விரல் நுனியும் சுத்தியலால் தட்டி அகலமாக்கியது போல விரிந்து, முன்பக்கம் நறுக்கிவிட்ட மாதிரி முடிகிறது. வீட்டுத் தோட்டத்தில் தத்தும் சொறித்தவளைக்கு இப்படி விரல் கிடையாது.

அந்த விரலைப் பார்த்து ஏமாந்தவர்களில் நானும் ஒருவன். முதல் வருடம் இதைப் புதர்த் தவளை, அதாவது விரல் நுனி விரிந்த வேறொரு குடும்பத் தவளை, என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டேன். கூட வந்த மூத்தவர் சிரிக்கவில்லை. "விரலை விடு, காதுக்குப் பின்னால் பார், தோலைப் பார்" என்று மட்டும் சொன்னார். இரண்டாம் தரம் பார்த்ததும் வெட்கமாகிவிட்டது. ஆனால் அதே விரல் நூறு வருடத்துக்கும் மேலாக அருங்காட்சியகப் பேராசான்களையும் ஏமாற்றியிருக்கிறது என்று பின்னால் படித்தபோது கொஞ்சம் ஆறுதல்.

தமிழில் பேசும்போது ஒரு சிக்கல் உண்டு. நம்மில் பலருக்குத் தேரை என்றால் வீட்டுச் சுவரில் ஒட்டிக்கொண்டு திடீரென்று தாவும் அந்த ஒல்லித் தவளை. நூல்களில் தேரை என்பது ஊரில் சொறித்தவளை என்று சொல்லப்படும் குடும்பம், அறிவியலில் பூஃபோனிடே. இந்தப் பதிலில் நான் சொல்வது இரண்டாவது. உலகில் 600 இனங்களுக்கும் மேல் கொண்ட பெரிய குடும்பம் அது. வாயில் பல் இருக்காது. பெரும்பாலான தேரைகளின் ஆண்களுக்கு விதைப்பையை ஒட்டி, வளராத சூலகத் திசு ஒன்று இருக்கும், பிட்டர் உறுப்பு என்று பெயர். விதைப்பையை அகற்றினால் அந்தத் திசு உண்மையான சூலகமாகவே வளர்வதைச் சில இனங்களில் ஆய்வகத்தில் காட்டியிருக்கிறார்கள். இதுபோன்ற அடையாளங்கள் உடம்புக்குள் இருப்பதால்தான் மரத்தேரையைத் தேரைக் குடும்பத்தில் வைப்பதில் யாருக்கும் பெரிய தயக்கம் வந்ததில்லை. தகராறு முழுவதும் குடும்பத்துக்குள் எந்தக் கிளை என்பதில்தான்.

கதை லண்டனில் தொடங்குகிறது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருந்த ஆல்பர்ட் குந்தர், இந்தியாவிலிருந்து வந்து சேர்ந்த ஊர்வன, இருவாழ்விகளைப் பற்றி எழுதிய அறிக்கை ஒன்றில் இந்தத் தேரையை விவரித்தார். கிடைத்த இடம் 'மலபார்' என்று மட்டும் குறித்தார். அறிக்கை 1875ஆம் ஆண்டுத் தொகுதியைச் சேர்ந்தது, அச்சாகி வெளியே வந்தது 1876இல். அதனால்தான் சில நூல்களில் 1875 என்றும் சிலவற்றில் 1876 என்றும் பார்க்கிறீர்கள், அது பிழை அல்ல. பேரினப் பெயர்தான் வேடிக்கை. பெடோஸ்டிபெஸ் என்றால் பழைய கிரேக்கத்தில் 'தரையில் நடப்பவன்'. மரத்தில் உட்காரும் தேரைக்கு அந்தப் பெயர்! சாராயப் புட்டிக்குள் வந்த உடலை மட்டும் வைத்து வேலை செய்வதன் இயல்பு இப்படித்தான். புட்டிக்குள் குரலும் கிடையாது, இலையும் கிடையாது. பல வருடம் ஊறிய மாதிரிகளைப் பார்த்திருக்கிறேன். விலாவின் வெளிறிய பட்டைகூட மங்கிப்போய், எல்லாம் ஒரே காபித்தூள் நிறமாக இருக்கும்.

அடுத்து வந்தவர் பூலஞ்சர், அதே அருங்காட்சியகம். அவர் குந்தரின் பேரினத்தைத் தனியாக வைத்துக்கொள்ளவில்லை. மேற்கு ஆப்பிரிக்காவில் நெக்டோஃப்ரைன் என்றொரு மரமேறும் தேரைப் பேரினம் ஏற்கெனவே இருந்தது. விரிந்த விரல் நுனி இருப்பதால் நம் மலபார்த் தேரையையும் அதற்குள் போட்டார். 1890இல் வந்த பிரிட்டிஷ் இந்திய விலங்கினத் தொகுதியில் நம் தேரை நெக்டோஃப்ரைன் என்ற பெயரில்தான் இருக்கிறது. 1892இல் போர்னியோவின் சரவாக்கிலிருந்து வந்த தேரைக்கு, அங்கே நிர்வாகியாக இருந்த சார்லஸ் ஹோஸின் பெயரால் நெக்டோஃப்ரைன் ஹோசி என்று பெயரிட்டார். 1896இல் போர்னியோவின் எவரெட்டி, 1919இல் மேகாலயத்துக் காரோ மலையின் கெம்பி. விரல் விரிந்திருந்தால் நெக்டோஃப்ரைன், அதுதான் அன்றைய கணக்கு. 1938இல் தாமஸ் பார்பர் இந்த மூட்டையைப் பிரித்தார். ஆப்பிரிக்காவுடையது ஆப்பிரிக்காவுக்கு என்று ஒதுக்கி, ஆசியத் தேரைகளில் சிறிய சிலவற்றை பெலோஃப்ரைன் என்று தனியாக்கினார். மிச்சம் நின்ற ஆசிய மரத்தேரைகள் குந்தரின் பழைய பெயரான பெடோஸ்டிபெஸுக்குள் வந்தன. 1958இல் இங்கர் சரவாக்கிலிருந்து ருகோசஸ் என்ற இனத்தை அதில் சேர்த்தார். உங்கள் கையேடு காட்டுவது இந்தக் கட்டத்தின் படம்.

இவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கையில் இருந்ததெல்லாம் உடலமைப்பு ஒன்றுதான், அதிலும் ஓர் இனத்துக்கு இரண்டு மூன்று மாதிரிகள் கிடைத்தாலே பெரிய விஷயம். ஆனால் வரைபடத்தை விரித்தால் அன்றே ஒரு உறுத்தல் இருந்திருக்க வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையில் ஒன்று, பிறகு தக்காணம், கங்கைச் சமவெளி என்று பெரிய வெற்றிடம், அப்புறம் மேகாலயத்தில் ஒன்று, மறுபடி வெற்றிடம், பிறகு மலேயா, போர்னியோ. ஒரே பேரினம் இப்படித் துண்டு துண்டாக இருந்தால் இரண்டே விளக்கம்தான். முன்பு எங்கும் பரவியிருந்து நடுவில் அழிந்திருக்க வேண்டும், அல்லது அது ஒரே பேரினமே இல்லை. உருவத்தில்கூட உறுத்தல் இருந்தது. நம்முடையது நாலு சென்டிமீட்டர். ஹோசியின் பெண் ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் வளரும், உள்ளங்கையை நிறைக்கும்.

விரிந்த விரல் நுனி என்பது வேலைக்காக வந்த கருவி. செங்குத்தான, வழுக்கும் பரப்பில் பிடித்து நிற்க வேண்டிய தவளைக் குடும்பங்கள் பலவற்றில் அது தனித்தனியே தோன்றியிருக்கிறது. ஒரே கொல்லன் மகன்கள்தான் கையில் காய்ப்பு வைத்திருப்பார்கள் என்றில்லையே, சுத்தியல் பிடித்த எவன் கையும் காய்க்கும். இந்த ஒப்புமையை ரொம்ப தூரம் இழுக்கக் கூடாது, காய்ப்பு பிள்ளைக்கு இறங்காது, விரல் நுனி இறங்கும். ஆனால் கருவியைப் பார்த்து வம்சம் சொல்வதில் உள்ள ஆபத்து இரண்டுக்கும் ஒன்றுதான்.

ஆபத்து எவ்வளவு பெரியது என்று தெளிவாகக் காட்டியது 2009இல் வந்த ஆய்வு. பிரஸ்ஸல்ஸைச் சேர்ந்த இனெஸ் வான் பாக்ஸ்லேர், ஃபிராங்கி போசைட், தில்லிப் பல்கலைக்கழகத்தின் எஸ்.டி. பிஜு முதலியோர், மைட்டோகாண்ட்ரியாவிலும் உட்கருவிலும் இருந்து சுமார் 6,000 எழுத்து நீள டி.என்.ஏ.வை எடுத்துப் பல தேரைகளை ஒப்பிட்டார்கள். தத்துவம் எளிது. காலம் போகப் போக டி.என்.ஏ.வில் எழுத்துகள் மாறிக்கொண்டே வரும். அண்மையில் பிரிந்த இரு கிளைகள் தங்களுக்கு மட்டுமே பொதுவான மாற்றங்களைச் சுமந்திருக்கும். மரமேறினாலும் சரி, தரையில் நடந்தாலும் சரி, ஆயிரக்கணக்கான இடங்களில் தற்செயலாக ஒரே எழுத்து மாற்றம் வராது. அந்த ஆய்வில் மலபார் மரத்தேரை ஒரு கிளையில் போய் நின்றது, தென்கிழக்காசிய மரத்தேரைகள் தொலைவில் வேறு கிளையில் நின்றன. மரமேறும் உடம்பு இந்தியத் துணைக்கண்டத்தில் ஒருமுறை, தென்கிழக்காசியாவில் ஒருமுறை, தனித்தனியாக உருவாகியிருக்கிறது.

இதைவிட என்னை அசத்தியது அதே ஆய்வின் இன்னொரு முடிவு. காட்டாற்றின் வேகத்தில் பாறையைப் பற்றி வாழும் சிறிய ஓடைத்தேரைகளை அன்சோனியா என்ற ஒரே பேரினத்தில் வைத்திருந்தார்கள், மேற்குத் தொடர்ச்சி மலையுடையதும் மலேயா, போர்னியோவுடையதும் சேர்த்து. அதிலும் அதே கதை! நம் மலையின் ஓடைத்தேரைகள் வேறு கிளை, கிழக்கே உள்ளவை வேறு கிளை. மரத்துக்கு ஒரு வடிவம், காட்டாற்றுக்கு ஒரு வடிவம் என்று இரண்டு நாடகமும் இரண்டு மேடையில் தனித்தனியே நடந்திருக்கின்றன. அதே ஆண்டு நம் ஓடைத்தேரைகளுக்கு காட்டோஃப்ரைன் என்று புதுப் பேரினம் வந்தது. அதில் இப்போது இரண்டு இனம்: குந்தர் 1876இல் பெயரிட்ட ஆர்னேட்டா, அமைதிப் பள்ளத்தாக்கிலிருந்து 1981இல் விவரிக்கப்பட்ட ரூபிஜினா.

சரி, 2009இலேயே தெரிந்துவிட்டதே, பிறகு ஏன் மரத்தேரையின் பெயர் மாற 2016 வரை ஆனது? இங்கேதான் பெயரிடும் விதி வருகிறது. ஒரு பேரினப் பெயர் ஓர் இனத்தோடு ஆணியடித்துப் பிணைக்கப்பட்டிருக்கும், அதை வகை இனம் என்பார்கள். பேரினம் எத்தனை துண்டாக உடைந்தாலும் வகை இனம் எந்தத் துண்டில் இருக்கிறதோ அந்தத் துண்டுக்குத்தான் பழைய பெயர். பெடோஸ்டிபெஸின் வகை இனம் நம் டியூபர்குலோசஸ். ஆகவே பெயர் மலபாரோடு தங்கிவிட்டது, போர்னியோத் தேரைகள்தான் பெயரில்லாமல் வெளியே நின்றன. எண்ணிக்கையில் அவை அதிகம், பெண்கள் உருவத்தில் பெரியவை, ஆனால் விதி அதையெல்லாம் பார்ப்பதில்லை. புதுப் பெயர் வைப்பதற்கு முன், அவை எல்லாம் ஒரே கிளைதானா, ஏற்கெனவே பெயருள்ள வேறு பேரினத்துக்குள் அடங்குமா என்று பார்த்தாக வேண்டும். அதற்குப் போதிய மாதிரிகள் சேரத்தான் காலம் பிடித்தது. அவசரப்பட்டுப் பெயர் வைத்துவிட்டுப் பின்னால் திருத்துவதைவிட இந்தத் தாமதம் நல்லது என்பது என் கட்சி.

2016இல் சான், கிரிஸ்மர், பிரவுன் முதலியோர் அடங்கிய குழு அந்த வேலையை முடித்தது, குழுவில் இந்திய ஆய்வாளர்களும் இருந்தார்கள். போர்னியோ, மலேயா மரத்தேரைகளுக்கு ரென்டாபியா என்று புதுப் பேரினம். ஹோசி, எவரெட்டி, ருகோசா மூன்றும் அதற்குள் போயின. (ருகோசஸ் ருகோசா ஆனது எழுத்துப்பிழை அல்ல. லத்தீனில் பேரினப் பெயரின் பாலுக்கு ஏற்ப இனப்பெயரின் ஈறு மாறும், நம் எழுவாய்க்கு ஏற்ப வினைமுற்று மாறுவது போல.) ரென்டாப் என்பது சரவாக்கின் இபான் மக்களிடையே புகழ்பெற்ற போர்வீரர் ஒருவரின் பட்டப்பெயர். 2020இல் மலேயாத் தீபகற்பத்திலிருந்து ஃபிளாவோமாகுலேட்டா என்று இன்னொன்றும் சேர்ந்தது. இந்த ரென்டாபியாவுக்கு மிக நெருங்கிய சொந்தம் யார் என்று பார்த்தால், ஃப்ரைனாய்டிஸ் என்ற பேரினம். அவை தென்கிழக்காசிய ஆற்றங்கரைகளில் தரையில் உட்காரும் தடித்த, பெரிய தேரைகள், மரத்தேரைக்குரிய சாயல் கொஞ்சமும் கிடையாது. ஆற்றங்கரைக் குண்டன் ஒருவனும் மரமேறி ஒருவனும் உடன்பிறந்தவர்களாக இருக்க, இரண்டு மரமேறிகள் தூரத்து உறவாக நிற்கிறார்கள். உருவத்தை மட்டும் பார்த்து எந்த நிபுணனும் இப்படி ஒரு குடும்பப் படம் வரைந்திருக்க மாட்டான்.

மேகாலயத்துக் கெம்பியும் அதே 2016இல் வெளியேறியது, ஆனால் வேறு வழியாக. சந்திரமௌலியும் அமரசிங்கவும் உடலமைப்பை மறுபடி அளந்து பார்த்து அதை பூஃபாய்டிஸ் என்ற பேரினத்துக்கு மாற்றினார்கள். அந்தப் பேரினம் 1973இலிருந்தே இருக்கிறது. சிரபுஞ்சிப் பக்கத்து மேகாலயானஸ் என்ற, தாழைச் செடியின் இலைக் கக்கங்களிலும் பாறை இடுக்கிலும் ஒளியும் விசித்திரத் தேரை ஒன்றுக்காக உருவானது. பின்னர் மிசோரத்திலிருந்து இன்னொரு இனம் வந்தது. கோவை சலீம் அலி மையத்தில் பணியாற்றி, களப்பணியின்போது இறந்துபோன பூபதியின் நினைவாக பூபதியி என்று அதற்குப் பெயர். இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். கெம்பி மலபார்த் தேரையோடு சேராது என்ற முடிவு 2016இல் எலும்பு, தோல், விரல் ஆகியவற்றைப் பார்த்து எடுக்கப்பட்டது. ரென்டாபியா விஷயத்தில் பேசியது டி.என்.ஏ. இரண்டு முடிவையும் நான் ஏற்கிறேன், ஆனால் ஒரே எடையில் வைக்க மாட்டேன். உருவம் ஏமாற்றும் என்பதைத்தானே இவ்வளவு நேரம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இனி, நம் மரத்தேரைக்கு உண்மையான சொந்தங்கள் யார்? எனக்குப் பிடித்த பகுதி இது. அவை எல்லாம் பக்கத்திலேயே இருக்கின்றன, ஒன்றைப்போல் ஒன்று இல்லை. காட்டாற்றுப் பாறையில் வாழும் காட்டோஃப்ரைன் ஒன்று. அதைக் கையில் எடுத்துத் திருப்பினால் கறுத்த வயிற்றில் பளிச்சென்று நிறப்புள்ளிகள் தெரியும், மேலிருந்து பார்த்தவருக்கு அது இருப்பதே தெரியாது. வடக்கே மகாராஷ்டிரத்தின் கொய்னா, அம்போலிப் பக்கம் சாந்தோஃப்ரைன் என்ற பேரினம், அதிலும் இரண்டே இனம். அம்போலித் தேரை செம்பாறைத் தளங்களில் மழைக்குத் தேங்கும் சின்னஞ்சிறு குட்டைகளில் முட்டையிடும். நீளச் சரமாக அல்ல, கொத்தாக. தேரை என்றாலே மணிமாலை போல முட்டைச் சரம்தான் என்று படித்தவர்களுக்கு அது அதிர்ச்சி. இலங்கையில் அடினோமஸ் இருக்கிறது. அதில் கண்டித் தேரையை யாரும் 1870களுக்குப் பிறகு பார்க்கவில்லை என்று 2004இல் அழிந்த இனமாக அறிவித்தார்கள். சிவனொளிபாத மலைக் காட்டில் அது உயிரோடு இருப்பதாக 2012இல் ஒரு குழு எழுதியது. அப்புறம் 2015இல் இன்னொரு திருப்பம்: வேறு இனம் என்று பெயரிட்டு வைத்திருந்த டாசி என்பதும் இந்தக் கண்டித் தேரைதான் என்று தெரிந்தது. அழிந்துபோனதாக எழுதிய பிராணிக்கு இன்னொரு பெயரும் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது!

இவற்றோடு அதே பெரிய கிளையில் நிற்கும் இன்னொன்றைக் கேட்டால் சிரிப்பீர்கள். மழை பெய்ததும் தெருவிளக்கின் கீழே ஈசல் தின்ன வந்து உட்காரும் நம் சாதாரணச் சொறித்தவளை. பல காலம் பூஃபோ என்ற பொதுச் சாக்குமூட்டைக்குள் கிடந்தது. 2006இல் அந்த மூட்டையை உடைத்தபோது இந்திய இருவாழ்வி ஆய்வாளர் சுஷில் தத்தாவின் பெயரால் தத்தாஃப்ரைனஸ் ஆனது. மலபார் மரத்தேரை போர்னியோ மரத்தேரையைவிட இந்தச் சொறித்தவளைக்கு நெருங்கிய சொந்தம். காட்டில் மரத்தேரையைக் காட்டி இதைச் சொன்னால் கூட வருபவர்கள் நம்புவதில்லை. அந்தக் கொப்புளத்தையும் நச்சுச் சுரப்பியையும் காட்டிய பிறகு கொஞ்சம் தலையாட்டுவார்கள்.

இந்தக் கிளை இங்கே எப்படி வந்தது என்பதிலும் ஒரு பழைய நம்பிக்கை உடைந்திருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய விநோத உயிர் என்றால், தென்கண்டங்கள் ஒன்றாயிருந்த கோண்டுவானாக் காலத்திலிருந்து இந்தியத் தட்டு தனியாக மிதந்து வந்தபோது சுமந்து வந்தது என்று சொல்லிவிடுவது வழக்கம். 2003இல் பெயர் பெற்ற ஊதாத் தவளை நாசிகாபட்ரகஸுக்கு அது பொருந்தும், அதன் சொந்தங்கள் செஷல்ஸ் தீவுகளில் இருக்கின்றன. தேரைகளுக்குப் பொருந்தாது. பழைய உலகத் தேரைகள், அதாவது ஆசியா, ஐரோப்பா, ஆப்பிரிக்காவின் தேரைகள் எல்லாம் அமெரிக்கத் தேரைகளின் மரத்துக்குள் ஒரு கிளையாகத்தான் வருகின்றன. இந்தியத் தட்டு ஆசியாவோடு மோதிய பிறகு வடக்கிலிருந்து இறங்கி வந்தவை இவை, பூர்வகுடிகள் அல்ல. வந்த பிறகு ஒலிகோசீன் காலக் கடைசியிலும் மயோசீன் தொடக்கத்திலும், ஏறக்குறைய 2 கோடி முதல் 3 கோடி ஆண்டுகளுக்கு முன், மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் வேகமாகக் கிளைத்து, ஒன்று மரத்துக்கும் ஒன்று காட்டாற்றுக்கும் ஒன்று பாறைக் குட்டைக்கும் போயின.

தேரைகளால் அவ்வளவு தூரம் எப்படி வர முடிந்தது என்பதற்கும் அந்த 2009 ஆய்வைச் செய்த குழுவினர் 2010இல் ஒரு விளக்கம் வைத்தார்கள். பெரிய உடம்பு, நீரை விட்டு விலகி வாழும் திறன், நச்சுச் சுரப்பி, உடம்புக்குள் கொழுப்புச் சேமிப்பு, ஒரே நேரத்தில் ஏராளமான முட்டை. இந்தக் கூட்டு கைகூடிய பிறகுதான் தேரைகள் உலகம் சுற்றக் கிளம்பின என்பது அவர்கள் வாதம். அதன்படி பார்த்தால் நம் சின்ன மரத்தேரை, ஊர் சுற்றிய முரட்டு முன்னோர் ஒருவரின் வம்சத்தில் வந்து, ஒரு மலையில் தங்கி, உருவம் குறுகி, இலைமேல் ஏறிய பேரப்பிள்ளை. ஆனாலும் முட்டையிட மட்டும் இன்றும் ஜோடியாக ஓடைக்கு இறங்கி வந்தாக வேண்டியிருக்கிறது.

எதை எவ்வளவு நம்பலாம் என்று கேட்டால் நான் இப்படிச் சொல்வேன். மலபார் மரத்தேரையும் போர்னியோ மரத்தேரைகளும் ஒரே பேரினம் அல்ல என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வெவ்வேறு ஆய்வுகள் வெவ்வேறு மாதிரிகளை வைத்துச் செய்தும் அதே முடிவுதான் வந்தது. நம் மரத்தேரை தெற்காசியக் கிளையைச் சேர்ந்தது என்பதும் உறுதி. அந்தக் கிளைக்குள் யார் யாருக்கு உடன்பிறப்பு, எது முதலில் பிரிந்தது என்பது அவ்வளவு உறுதி இல்லை. கிளைகள் குறுகிய காலத்துக்குள் அடுத்தடுத்துப் பிரிந்ததால், இடையில் மாற்றங்கள் சேர நேரமே இருக்கவில்லை. எந்த மரபணுவை எடுக்கிறோம், எத்தனை இனத்தைச் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்து வரிசை மாறிவிடுகிறது. கோடி ஆண்டுக் கணக்குகளையும் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவை புதைபடிவங்களை வைத்து ஓட்டிய கடிகாரங்கள், முள் முன்பின் நகரும். மோதலுக்குப் பிறகுதான் வந்தன என்ற வரிசைதான் முக்கியம்.

இன்னொரு சந்தேகம் என் சொந்தச் சந்தேகம். டியூபர்குலோசஸ் கேரளத்தின் தெற்கிலிருந்து மகாராஷ்டிரம் வரை நீளமாகப் பரவியிருக்கிறது, நடுவில் பாலக்காட்டுக் கணவாய் கிடக்கிறது. அந்தக் கணவாயின் இரு பக்கமும் இருந்த, ஒரே இனம் என்று நினைத்திருந்த பல புதர்த் தவளைகள் நெருங்கிப் பார்த்தபோது வேறு வேறு இனங்களாகப் பிரிந்தன. மரத்தேரை மட்டும் விதிவிலக்கா? நான் கணவாய்க்கு வடக்கிலும் தெற்கிலும் பார்த்தவற்றில் கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் என் கண் விரல் நுனியைப் பார்த்துப் புதர்த் தவளை என்று எழுதிய கண், அதன் சாட்சியம் பெரிதாக எடுபடாது. இரு பக்கத்திலிருந்தும் நிறைய இடங்களின் டி.என்.ஏ.வையும் குரல் பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அப்படிப் பிரிந்தால், 'ஒரே இனப் பேரினம்' என்று இப்போது சொல்வதும் மாறும்.

பெயர் மாற்றுவது விளையாட்டு என்ற உங்கள் வருத்தம் புரிகிறது, நானே பழைய குறிப்பேடுகளில் அடித்து அடித்து எழுதியிருக்கிறேன். ஆனால் ஒன்று கவனியுங்கள். பெயரின் பின்பாதி, அதாவது ஹோசி, கெம்பி, டியூபர்குலோசஸ் என்பவை, ஈறு தவிர மாறவே இல்லை. அதைப் பிடித்துக்கொண்டால் எந்தக் காலத்து நூலிலும் பிராணியைக் கண்டுபிடித்துவிடலாம். முன்பாதி மட்டும் 'இதன் சொந்தம் யார்' என்பதற்கு அந்தந்தக் காலத்தின் பதில். உங்கள் கையேட்டைத் தூக்கிப் போட வேண்டாம். ஓரத்தில் பென்சிலால் ஹோசி, எவரெட்டி, ருகோசஸ் மூன்றுக்கும் பக்கத்தில் ரென்டாபியா என்றும், கெம்பிக்குப் பக்கத்தில் பூஃபாய்டிஸ் என்றும் எழுதிக்கொள்ளுங்கள். மலபார்த் தேரையைத் தொட வேண்டியதில்லை, குந்தர் வைத்த பெயர் அதற்கு அப்படியே இருக்கிறது. நான் பென்சில் என்று சொன்னது யோசித்துத்தான், பேனா வேண்டாம்.